நிற்காத புள்ளி

"ஜோமோனே, எதுக்கு அங்கேயே நிக்கிற?"

"நான் நிக்கல சார். படகுதான் நிக்குது. ஆகாயத்தாமரை என்ஜின்ல சுத்திக்கிச்சு."

"படகு நம்ம ஸ்டாஃப் இல்ல. நீதான் ஸ்டாஃப். நட."

"சுத்திலும் ஆறு சார்."

"நானும் இந்த வெயில்ல வரப்புலதான் நடக்குறேன். காரணம் சொல்லாதே." எப்போதும்போல் சொந்த நம்பரிலிருந்து பேசிய மேலாளர் குறுப்பு சார் போனை வைத்துவிட்டார்.

வாத்துத் தீவனக் கம்பெனியின் குட்டநாட்டுப் பிரதிநிதி ஜோமோன். கம்பெனி கொடுத்த போனால், தலைமை அலுவலக வரைபடத்தில் அவன் ஒரு பச்சைப் புள்ளி; குறுப்பு சாரும் அப்படித்தான். பத்து நிமிடம் அசையாவிட்டால் சிவப்பு. இந்த மாதம் இரண்டு சிவப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது வந்தால் இடுக்கி மலைக்கு மாற்றல். அவன் மனைவி ஆலப்புழையில் நர்ஸ். ஏழு மாதக் கர்ப்பிணி.

ஆனால் ஜோமோன் கலங்குகிற ஆள் இல்லை. படகுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தான்.

"உக்காரு சாரே, கவுந்துரும்!" என்று படகுக்காரர் கத்தினார். படகு கவிழவில்லை. தீவனச் சாக்கு மட்டும் ஆற்றில் விழுந்தது.

ஒருவழியாகக் கரையேறி, வாத்து வளர்க்கும் பாப்பச்சனின் வயலை அடைந்தான். ஒரு வாத்துகூட இல்லை. உடனே போன்.

"சார், எதிர்க்கரையில அறுப்பு முடிஞ்சிருச்சு. பாப்பச்சன் சேட்டன் வாத்தை அங்க ஓட்டிட்டுப் போயிட்டார்."

"கஸ்டமர் இடம் மாறினா முன்னாடியே எழுதிக் குடுக்கணும்."

"வாத்து மேயுற இடம் மாறிக்கிட்டேதான் சார் இருக்கும்."

"அது வாத்தோட பிரச்சினை. சாயந்திரத்துக்குள்ள ஆர்டர் வரணும். நீயும் நிக்கக் கூடாது."

ஜோமோன் தோணி பிடித்து அக்கரை சேர்ந்தான். பாப்பச்சன் வரப்பில் பீடியோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் வயல் நிறைய வாத்து.

"வா மோனே. கப்பைக்கிழங்கும் மீன்கறியும் இருக்கு. உக்காந்து பேசலாம்."

"உக்காந்தா இடுக்கிதான் சேட்டா."

"நின்னுக்கிட்டே பேசுறவன்கிட்ட நான் தீவனம் வாங்க மாட்டேன்."

அவரைச் சுற்றிச் சுற்றி நடந்து பேசிப் பார்த்தான். "எனக்குத் தலை சுத்துது, போடா" என்றார் பாப்பச்சன்.

அப்போதுதான் ஜோமோனுக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. கேட்டதும் பாப்பச்சன் சிரிக்கக்கூட இல்லை. பிளாஸ்டிக் கவரும் நூலும் எடுத்துக் கொடுத்து, வாத்தையும் அவரே பிடித்தார்.

"இவளை எடுத்துக்கோ. நல்லா நடப்பா, படுக்கவே மாட்டா."

போன் வாத்தின் முதுகில் ஏறியது. ஜோமோன் ராஜா மாதிரி உட்கார்ந்து கப்பை தின்றான். பாப்பச்சன் இருபது மூட்டைக்குச் சம்மதித்தார்.

அந்த நேரம் பார்த்து குறுப்பு சார் கூப்பிட்டார். வாத்தின் முதுகில் செண்டை மேளம் முழங்கியது. கூட்டம் மொத்தமும் அலறி ஆற்றில் பாய்ந்தது.

"வேகம் அதிகம். மெதுவாகச் செல்லவும்" என்றது ஆற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். பிறகு, "வழி தவறிவிட்டீர்கள்."

ஜோமோன் பேன்ட்டோடு இறங்கினான். இடுப்பளவு தண்ணீர், பிறகு கழுத்தளவு. மூன்று முறை பாய்ந்து நான்காவதில் கவர் கட்டிய வாத்தைப் பிடித்தே விட்டான். கவரைப் பிரித்தான். கம்பெனி போன்தான், ஆனால் அவனுடையது இல்லை.

கரையிலிருந்து பாப்பச்சன் கத்தினார்:

"அதை விடு மோனே! குறுப்பு சாருக்கு அஞ்சு மணி வரைக்கும் டியூட்டி!"