வாக்குப் போட்டு வைத்திருந்த முதலாளி

ரியூட்டரியில் பொருளியல் படிப்பித்துப் பிழைத்த நான், நல்லூர்ப் பேக்கரி ஒன்றின் தொழிலாளர்களுக்குச் சோசலிசம் விளக்கப் போய், ஒரு போறணை அடுப்பு நிறைய வெந்த பாண் ரொட்டியைக் கருக்கிவிட்டு வந்தவன். அவர்கள் கண் கலங்கியது என் பேச்சாலென்று நினைத்தேன். புகை.

என்னைக் கூப்பிட்டவர் பேக்கரிக்குச் சொந்தக்காரர். ஊர் அவரைத் தோழர் முதலாளி என்றது. தன் சொத்தை இழப்பதற்கு இவ்வளவு பாடுபட்ட மனிதரை யாழ்ப்பாணம் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. மா பிசைகிறவனுக்கே பேக்கரி என்பது அவர் கொள்கை. முதற்படியாக எல்லாவற்றையும் வாக்கெடுப்புக்கு விட்டார். அவருக்கு ஒன்று, நான்கு தொழிலாளர்களுக்கும் ஆளுக்கொன்று.

வாசலில் சனம் காத்து நிற்கும்.

“தோழர், பாண் இன்னும் வரேல்லையோ?”

“பொறுங்கோ அக்கா. பணிசுக்குச் சீனி தூவுறதோ எண்டு விவாதம் நடக்குது.”

“எனக்குப் பணிஸ் வேண்டாம். பாண்.”

“அது அடுத்த தீர்மானம்.”

கடைசியில் பெரிய தீர்மானம் வந்தது: பேக்கரி ஐவருக்கும் சமபங்கு. இரகசிய வாக்கெடுப்பு, பிஸ்கற் ரின்தான் பெட்டி. எண்ணியவன் நான். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு நான்கு.

தோழர் வெளிறிப்போனார். “ஏன் மரியதாஸ்?” என்றார், போறணை பார்க்கும் குருநகர்க்காரரிடம்.

“மா வராட்டி இப்ப உங்களை ஏசுறம். பேக்கரி எங்கடை எண்டா ஆரை ஏசுறது? எங்களுக்கு எதிரா நாங்களே வேலைநிறுத்தம் செய்யேலுமே?”

முடிவை ஏற்றால் சுரண்டல்காரர், மறுத்தால் சர்வாதிகாரி. தோழர் மாச்சாக்கில் குந்திவிட்டார்.

“மாஸ்ரர், உதுக்குத் தத்துவத்திலை என்ன சொல்லியிருக்கு?”

“இது இடைமாறு காலகட்டம்” என்றேன். எந்தக் கேள்விக்கும் பொருந்தும் விடை அது; சோதனையில் புள்ளியும் கிடைக்கும்.

தோழர் முடிவுக்குப் பணிந்தார். ஆனால் ஆறு மாதத்துக்கொரு தேர்தல் வேண்டுமென்றார். ஒவ்வொரு முறையும் தனக்கெதிராகத் தானே பிரசாரம் செய்வார். “இந்த முதலாளி உங்கடை வேர்வையிலை கொழுத்தவன். துரத்துங்கோ.” ஈர்க்குப்போல மெலிந்த மனிதர் இப்படிப் பேசுவதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு, நால்வரும் மறுபடி அவரையே தெரிவுசெய்வார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டு, தெற்கிலிருந்து சாமான் வரும் பாதை பூட்டுப்பட்டது. மா நின்றது, போறணை குளிர்ந்தது, தோழர் மட்டும் சம்பளத்தை நிறுத்தவில்லை. பெற்றோலே இல்லாத ஊரில் மோட்டார் சைக்கிளை விற்றுக் கொடுத்தார். வாங்கிய புத்திசாலி யாரென்று இன்றுவரை தெரியாது. அடுத்ததாக வீட்டு ஓடுகளை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்.

அப்போதுதான் நால்வரும் தாங்களாகவே கூட்டம் கூட்டினார்கள். மரியதாஸ் தீர்மானம் கொண்டுவந்தார்: இன்றுமுதல் பேக்கரி ஐவருக்கும் சொந்தம், சொந்தக்காரருக்குச் சம்பளம் கிடையாது. ஐந்து கைகளும் உயர்ந்தன. தோழரின் கை வெகுநேரம் இறங்கவில்லை.

வெளியே வந்த மரியதாசிடம், “இதுதான் உண்மையான பொருளாதார ஜனநாயகம்” என்றேன்.

அவர் சைக்கிளில் ஏறினார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது மாஸ்ரர். லாபமெண்டா அவர் தனியச் சமாளிப்பார். நட்டத்தைத் தனியத் தாங்குற உடம்பே உது?”