பால்வாடிக்குக் கூட்டம் சேர்த்த கதை

“...பிள்ளையே இல்லாத பால்வாடிக்கு கவர்மெண்டு எதுக்குட்டி துட்டு குடுக்கும்? நாளைக்கு அந்த மேடம் வரும்போது ரூமு நெறஞ்சு வழியணும், பாத்துக்க!” என்றார் மும்தாஜ் லாத்தா, தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே.

லாத்தா எங்கள் தாராவிச் சந்துக்கே அக்கா. என் பால்வாடிக்கு எதிரில், கார்கானா என்கிற தையல் பட்டறையில் சட்டை தைப்பவர். வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளை நான் ஒற்றை அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடகை கழுத்தை நெரித்தது. அரசு உதவி வந்தால் பிழைப்போம். இல்லையென்றால் மூட வேண்டியதுதான். மூடினால் லாத்தாவின் மகள் ஆயிஷா மறுபடியும் கார்கானாவில், கொதிக்கிற இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் விளையாட வேண்டும். (ஏற்கெனவே ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவள்.)

அறை, தண்ணீர், பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்க்க ஓர் அதிகாரி வருவார் என்றார்கள். எண்ணிக்கை என்றதும் என் மூளைக்கு எட்டியது ஒன்றுதான்: கூட்டம்! கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வீடு வீடாகப் போனேன். (கையில் குங்குமச் சிமிழ்தான் இல்லை.)

“மைனி, நாளைக்கு ஒங்க பிள்ளையள அனுப்பிருங்க. விருந்தாளிப் பிள்ளை இருந்தாலும் சரிதான்!”

மறுநாள் வந்தார்கள் பாருங்கள்! பெருநாள் சட்டையில், தீபாவளிப் பாவாடையில், கண் நிறைய மையோடு. ஒருவன் அரும்பு மீசையோடு. (எட்டாம் வகுப்பு. “சித்தி, நான் குனிஞ்சு உக்காந்துக்கிடுதேன்” என்றான்.) எனக்குப் புல்லரித்தது.

மராட்டிக்கார மேடம் வாசலில் ஒரு காலைத் தூக்கினார். உள்ளே வைக்க இடமில்லாமல் அப்படியே நின்றார்.

“கித்னே பச்சே ஹை?” எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

“பஹுத் ஹை மேடம்!” என்றேன் பூரிப்போடு. “அவுர் பீ ஆயேகா!” (நிறைய இருக்கு, இன்னும் வரும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில்.)

அவர் முகம் சுருங்கியது. ஒரு ஆயாவுக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்று கணக்கு உண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டுமாம். இந்த நெரிசலுக்குக் கையெழுத்துப் போட முடியாதாம். நான் அழைத்த கூட்டமே என் பால்வாடிக்குப் பூட்டுப் போட வந்திருக்கிறது!

எதிரிலிருந்து கேட்ட லாத்தா பாய்ந்து வந்தார். “ஏல, குல்ஃபி வண்டி வந்துட்டு! ஓடுங்கல!”

ஓடினார்கள். நிஜமாகவே பால்வாடியில் சேர்ந்திருந்த பிள்ளைகளும் சேர்ந்து ஓடினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் அறை காலி. (வண்டியும் வரவில்லை. அந்தப் பழிக்கு நான்தான் குல்ஃபி வாங்கிக் கொடுத்தேன்.)

“என்னட்டி, இப்ப ஒண்ணுமே இல்லாமப் போச்சே!” என்று லாத்தா தலையில் கை வைத்தார்.

ஒருத்தி இருந்தாள். மூலைப் பாயில் ஆயிஷா, அத்தனை கூச்சலிலும் கைகாலைப் பரப்பிக்கொண்டு தூங்கினாள். தழும்பு விழுந்த அவள் கையை மேடம் பார்த்தார். எப்படி என்று கேட்டார். லாத்தா எதிர்க் கார்கானாவின் இஸ்திரி மேசையைக் காட்டினார்.

“அடுத்த வாரம் வருகிறேன். உங்கள் பிள்ளைகள் மட்டும் இருக்கட்டும்” என்று இந்தியில் சொன்ன மேடத்தின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

வந்தார், கையெழுத்தும் போட்டார். பால்வாடி இன்றும் நடக்கிறது. ஆனால் வீட்டு விசேஷத்துக்கு நான் யாரை அழைக்கக் கிளம்பினாலும், “பஹுத் ஹை மேடம், அவுர் பீ ஆயேகா!” என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார்.

ரூமை நிறைக்கச் சொன்ன லாத்தாவோ, மேடம் இரண்டாவது முறை வந்த அன்று காலையிலேயே மெஷினை நிறுத்தினார். சந்து முனையில் ஸ்டூலைப் போட்டு, துணி அளக்கும் கம்போடு உட்கார்ந்தார். முதலில் திருப்பி அனுப்பியது அந்த அரும்பு மீசையைத்தான்.