டெஸ்டர் அண்ணன் பரீட்சைக்குப் போனார்

பச்சை பட்டனை அழுத்தினார் டெஸ்டர் அண்ணன். மோட்டார் அசையவே இல்லை.

பரீட்சைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இருபத்தாறு வருஷமாக ஃபேக்டரியில் கரண்டோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டார், அதனால் அந்தப் பேர். இப்போது எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் சர்டிபிகேட் இருந்தால்தான் சூப்பர்வைசர் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அவர் பாஸாகாவிட்டால் அந்த நாற்காலியில் உட்காரப் போவது, அதே ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவருடைய சொந்த மாப்பிள்ளை.

"மாப்பிள்ளைய சார்னு கூப்பிட்டா வாய் வெந்துடுமா?" என்று மனைவி கேட்டிருந்தாள். வெந்துவிடும் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அதற்காக அவர் படிக்கும் இன்ஸ்டிட்யூட்டின் லேபில் வரிசையாக நாலு மோட்டார் போர்டு. நாலும் ஓடவில்லை. ஓடாத மோட்டாரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அந்த மனுஷனுக்குத் தெரியாது. ஒன்றில் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது, இன்னொன்றில் ரிலே கருகியிருந்தது. ஸ்பேர் சாமான் வைத்திருந்த டூல்ஸ் பையைத் திறந்தார். இருபதே நிமிஷத்தில் நாலும் ஜம்மென்று ஓடின.

கூடப் படிக்கும் பெண் உள்ளே வந்தாள். அவருக்கு மகள் வயசு.

"அண்ணே, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஓடலம்மா. சரி பண்ணிட்டேன்."

"ஐயோ! இன்னைக்குப் பரீட்சையே பழுது கண்டுபிடிக்கிறதுதானே! வேணும்னே கெடுத்து வெச்சிருப்பாங்க. கேள்வித்தாளையே அழிச்சிட்டீங்களே!"

அண்ணனுக்குக் குப்பென்று வேர்த்தது. "இப்ப என்ன பண்றது?"

"பழையபடி கெடுத்து வைங்க. சீக்கிரம்!"

கெடுப்பது அவ்வளவு லேசாக இல்லை. ஒரு வயரைக் கழற்றினார். கை தன்னால் போய் அதைத் திரும்ப மாட்டிவிட்டது.

"கண்ண மூடிக்கிட்டுக் கழட்டுங்க அண்ணே!"

கண்ணை மூடிக்கொண்டு கழற்றினார். நாலு போர்டிலும் ஒரே வயர்.

"நாலுக்கும் ஒரே பழுதுன்னா மாட்டிக்குவோம்! ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கணும்!"

அவசரத்தில் வயர்களை மாற்றி மாற்றிச் சொருகி, ஓடாமல் இருக்கிறதா என்று பார்க்க மெயின் ஸ்விட்சைப் போட்டார். டமார்! நாலு போர்டும் புகைந்தன. கட்டடம் முழுக்கக் கரண்ட் போயிற்று.

பரீட்சை நடத்தும் வாத்தியாரும் லேப் உதவியாளரும் ஓடி வந்தார்கள். அந்தப் பெண் எப்போதோ நழுவியிருந்தாள்.

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. "சார், தப்பு என்மேலதான். நீங்க வெச்ச பழுதையெல்லாம் தெரியாம சரி பண்ணித் தொலைச்சிட்டேன். இருபது நிமிஷத்துல நாலும் ஓடிடுச்சு. சின்னப் பழுதுதானேன்னு நினைச்சேன். திரும்பக் கெடுக்கப் போய்த்தான் இப்படி ஆயிடுச்சு. ஃபெயில் மட்டும் பண்ணிடாதீங்க சார்!"

வாத்தியார் முகம் சிவந்துகொண்டே போனது.

லேப் உதவியாளர்தான் மெதுவாகச் சொன்னார்: "பரீட்சை பக்கத்து ரூம்ல அண்ணே. இது நாலும் நம்ம சார் மூணு வருஷமா முட்டி மோதியும் ஓடாம, பழைய இரும்புக்குப் போட எடுத்து வெச்சது."