குனிந்த மதரை நிமிர்த்திய வரலாறு

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கைவிடப்பட்ட நோயாளிகளுக்கு இல்லம் தொடங்கி, அதற்கென்றே ஒரு கன்னியர் சபையையும் நிறுவியவர் மதர் செலஸ்தீனா. காலமான அவருக்குக் கேளம்பாக்கம் சந்திப்பில் சிலை வைப்பதென மாண்புமிகு சிலைக்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. குழுவில் ஒருவரும் மதரைப் பார்த்ததில்லை என்பதால் கருத்து வேற்றுமைக்கு இடமில்லாமல் போயிற்று.

மாமல்லபுரத்துச் சிற்பி தேவேந்திரன் பார்த்திருந்தார். அவருடைய மாமனார் அந்த இல்லத்தில்தான் கண்மூடினார். ஆகவே, தரையில் கிடக்கும் நோயாளியின் காலைக் குனிந்து துடைக்கும் மதரை ஒரே கல்லில் செதுக்கினார். இல்லத்து சிஸ்டர் சிநேகா அதைப் பார்த்து அழுதேவிட்டார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி பரணிதரன் அழவில்லை.

“கீழ யாரு இது?”

“நோயாளி சார்” என்றார் தேவேந்திரன்.

“பொது இடத்துல படுக்கக் கூடாதே!”

“அது கல்லு சார்!”

“கல்லானாலும் ஆக்கிரமிப்பு.”

நோயாளி உளியால் அப்புறப்படுத்தப்பட்டார். மதர் இப்போது வெறுந்தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பரணிதரன் சிலையைச் சுற்றி வந்தார். “எதையோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி இருக்கு. குனிஞ்ச கழுத்துல மாலையும் நிக்காது. அமைச்சர் போட்ட மாலை கீழ விழுந்தா யார் பதில் சொல்றது? நிமித்துங்க.”

“இன்னா சார் பேசற? கல்லை எப்டி நிமித்தறது? அதுக்கு இன்னா முதுகுவலியா?”

“அப்ப வேற கல்லு.”

சிஸ்டர் மெல்லச் சொன்னார்: “எங்க மதர் நிமிந்து நின்னு நாங்க பார்த்ததே இல்ல சார்.”

“அதனாலதான் சிஸ்டர், இத்தனை நாளா அவங்களுக்குச் சிலை இல்ல.”

இரண்டாவது கல்லில் மதர் நிமிர்ந்தார். கையிலிருந்த துணி, கார் துடைப்பவரை நினைவூட்டியதால் நீக்கப்பட்டது. வலது கை விரல் நீட்டி வானத்தைக் காட்டியது. இடது கை இடுப்பில் மடங்கியது, பொதுமக்கள் கைகோத்து செல்ஃபி எடுக்க வேண்டுமல்லவா! பல் தெரியச் சிரிக்கவும் மேலிடத்து உத்தரவு வந்தது. முதுகுக்குப் பின்னால் மின்னும் சிவப்பு இதயம் ஒன்று.

“மதர் பேரையாவது போட்டுக்கலாமா சார்?” என்றார் தேவேந்திரன்.

“கண்டிப்பா. இல்லன்னா யாருன்னு எப்படித் தெரியும்?”

திறப்பு விழா. அமைச்சரின் மாலை கம்பீரமாக நின்றது. கூட்டம் செல்போன்களை உயர்த்திப் பாய்ந்தது. அந்த நெரிசலில் வெயில் தாங்காத பெரியவர் ஒருவர் பீடத்தடியில் சுருண்டு விழுந்தார். தேவேந்திரன் தண்ணீருக்கு ஓடினார். சிஸ்டர் சிநேகா மண்டியிட்டு, அவர் தலையை மடியில் ஏந்தி, குனிந்து முகத்தைத் துடைத்தார்.

கூட்டம் ஒரே குரலில் கத்தியது:

“சிஸ்டர், தள்ளிக்கங்க! மதர் தெரியல!”