தெரிந்தவனிடம் ஃபோனைக் கொடு

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்றும், அத்தை உங்களை மாத்திரை போட வைத்துக்கொண்டிருப்பார் என்றும் நம்புகிறேன்.

நேற்று நீங்கள் ஃபோனில், "உன் மேனேஜர் கூப்பிட்டாருடா. நீ ரெண்டு ஆளா பேசுறியாமே, கிறுக்குப் பிடிச்சிருச்சா? சிபாரிசு பண்ணவன் நானு. என் மூஞ்சில கரியைப் பூசாத" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நீங்கள் என்னைப் பேசவே விடவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்குக் கிறுக்கு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆபீஸில் ஊழியர்கள் ஒற்றுமையாக இல்லையாம். சம்பளம் ஏறாததால் அப்படி இருக்கலாம் என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, வெள்ளிக்கிழமை எங்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்தார்கள். பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். அவர் கதை சொல்வார், நம் ஆள் என்ன செய்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும், நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். நான் விறகுவெட்டி, பலம் நிறைய, அறிவு கொஞ்சம். மேனேஜர் பேச்சில் வல்ல மந்திரவாதி. நாங்கள் ஒரு குகைக்குள் போனோம், உள்ளே கேஸ் நாற்றம் அடிக்கிறது என்றார் பயிற்சியாளர். நான் உடனே, பந்தத்தைக் கொளுத்தாதீர்கள், வெடித்துவிடும் என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "தம்பி, அது உங்களுக்குத் தெரியும். விறகுவெட்டிக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரிஞ்சதை அவன் தலையில ஏத்தக் கூடாது" என்றார். நியாயம்தானே என்று நானே பந்தத்தைக் கொளுத்தினேன். மந்திரவாதி கருகிவிட்டார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "ஏண்டா, உனக்குத்தான் தெரியுமே" என்றார். "எனக்குத் தெரியும் சார், அவனுக்குத் தெரியாது" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். சிறந்த ஆட்டக்காரர் என்று எனக்கு ஒரு காபிக் கோப்பை கொடுத்தார்கள். இந்த விதி மறுபக்கமும் செல்லும் மாமா. நம் ஆள் செய்யக்கூடியது நமக்குச் செய்யத் தெரிய வேண்டியதில்லை. அடுத்த ஆட்டத்தில் பிழைத்து எழுந்த மந்திரவாதி ஒரு ராட்சசனைப் பேசி மயக்க வேண்டியிருந்தது. மேனேஜர் வாயையே திறக்காமல் பகடையை உருட்டினார், ராட்சசன் கண்ணீர் விட்டான். அவர் எப்படி மேனேஜர் ஆனார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை நான் ஃபோன் எடுக்கும் புகார் பிரிவுக்கு ஒரு அம்மா பேசினார். எங்கள் கம்பெனி ஹீட்டர், குழாயைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்றார். அந்த மாடலில் உள்ளே எர்த் வயர் கழன்றுகொள்ளும். எங்கள் மாடியில் தரை துடைப்பவர்வரை அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆனால் நாங்கள் சொல்ல வேண்டியது, உங்கள் வீட்டு வயரிங்கைச் சரிபாருங்கள் என்பதுதான். இதே கோளாறுக்கு ஒரு வக்கீல் வீட்டு ஹீட்டரை மறுநாளே மாற்றிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வயரிங். இத்தனை நாள் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். அன்று உறுத்தவில்லை. விளையாட்டு விதிதான் தெளிவாக இருக்கிறதே.

"அம்மா, இதுல என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்ககிட்ட பேசுறவனுக்குத் தெரியாது" என்றேன்.

"என்கிட்ட பேசுறது யாருப்பா?"

"நான்தாம்மா."

"அப்போ தெரியாதவன் யாரு?"

"அவனும் நான்தான். கம்பெனிக்காகப் பேசுறேன் இல்லையா."

"சரிப்பா, தெரிஞ்சவன்கிட்ட ஃபோனைக் குடு" என்றார்.

இதற்கு எந்த விதியும் இல்லை மாமா. நான் இணைப்பைக் காத்திருப்பில் போட்டேன், தண்ணீர் குடித்தேன், திரும்ப எடுத்து வணக்கம் சொன்னேன். மெயின் சுவிட்சை அணையுங்கள், குழாயைத் தொடாதீர்கள், எர்த் வயர் கழன்றிருக்கிறது, இது கம்பெனி கோளாறு, மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள் என்றேன். அந்த அம்மா குரல் உடைந்து, "நீ நல்லா இருக்கணும்ப்பா. முதல்ல பேசினானே ஒரு தண்டம், அவனை ஏம்ப்பா வேலைக்கு வச்சிருக்கீங்க?" என்றார். அதோடு விடவில்லை. தண்டத்தின் மீது ஒரு புகாரும் நல்லவனுக்கு ஒரு பாராட்டும் அனுப்பிவிட்டார். இரண்டும் என் பெயருக்கே வந்து சேர்ந்தன.

மேனேஜர் கூப்பிட்டார். அந்த அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"எர்த் வயர் விஷயம் உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான் சார். டீ குடிக்கும்போது."

"அது நான் சொன்னது. மேனேஜர் சொல்லல."

"அப்போ இப்போ என்னைத் திட்டுறது யாரு சார்?"

உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் மாமா. அவர் காது சிவந்துவிட்டது. ஒரு தாளை நீட்டினார். எந்தக் கோளாறும் எனக்குத் தெரியாது, ஏதோ உளறிவிட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த அம்மா வீட்டுக்கு யாரை அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். கோளாறே இல்லாதபோது யாரை அனுப்புவது என்றார். விளையாட்டில் தெரியாததுபோல் நடித்தால் கோப்பை தருகிறார்கள், செத்தவரும் எழுந்து டீ குடிக்கப் போகிறார். இங்கே தெரியாததுபோல் நடித்தால் சம்பளம் தருகிறார்கள். ஆனால் இங்கே ஷாக் அடித்துச் செத்தால் பிள்ளை எழுந்திருக்காது. இந்த வித்தியாசத்தைச் சொன்னால் எனக்குக் கிறுக்கு என்கிறார்கள்.

ஆகவே கையெழுத்துப் போடப் போவதில்லை. என் அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். சிபாரிசு செய்த உங்களுக்குத் தலைகுனிவுதான், ஆனால் என்னால் பொய் சொல்ல முடியாது. திட்டுவதாக இருந்தால் என் ஒருவனையே திட்டுங்கள், நான் இனிமேல் ஒரே ஆளாக இருக்கப் போகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். வாண்டுகளுக்கு முத்தங்கள். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று மதியம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாடகை, அம்மா, நீங்கள், எல்லாம் யோசித்தேன். வேலை நிரந்தரம். ஆகவே மேலே எழுதியது எதுவும் எனக்குத் தெரியாது. அறைக்கு வந்து என் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். மருமகன் வேலை செய்யும் கம்பெனி என்று நீங்கள் பெருமையாக எங்கள் ஹீட்டரையே வாங்கி மாட்டியிருக்கிறீர்களாம். என்ன மாடல் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைகளில் இப்போது தள்ளுபடியில் கிடைப்பது ஒரே மாடல்தான். அத்தையையும் வாண்டுகளையும் குழாய்ப் பக்கம் விடாதீர்கள், சுவிட்சை அணைத்தே வையுங்கள். ஏன் என்று கேட்டு ஆபீஸுக்கு மட்டும் ஃபோன் செய்ய வேண்டாம் மாமா. எடுப்பது நானாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டு வயரிங்கைச் சரிபாருங்கள் என்றுதான் சொல்வேன்.