ஆறு குப்பம்மாள்கள்

எனக்கு இங்கிலீஷ் இலக்கணம் தெரியும் என்கிற திமிர் ஒருகாலத்தில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. எங்கள் வூட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதிலும் பி.ஏ. இங்கிலீஷ். (நைனார்பாளையத்தில் பஸ் ஏறும்போதுகூட மனசுக்குள் இங்கிலீஷில்தான் ஏறுவேன்.)

கள்ளக்குறிச்சியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் ஒன்றில் வேலை கேட்டுப் போனேன். அதை நடத்துகிறவர், "இங்கிலீஷே தெரியாத ஆறு பேருக்கு ஒரு வாரம் அடிப்படை சொல்லிக்குடுத்து கூட்டிக்கினு வாங்கம்மா. அவங்க பேசுனா வேலை உங்களுக்கு" என்றார்.

ஆறு பேருக்கு அலையவே இல்லை. அம்மாவோடு நாற்று நடுகிறவர்கள் அம்மாவையும் சேர்த்துச் சரியாக ஆறு பேர்.

அவர்கள் சேற்றில், நான் செருப்புக் காலோடு வரப்பில். பெயர்ச்சொல், வினைச்சொல் என்று புத்தகத்தைப் பார்த்து விளாசினேன். ஒருத்தரும் நிமிரவில்லை. சரி, உதாரணம் காட்டுவோம் என்று அம்மாவை முதலில் தன் பெயரைச் சொல்ல வைத்தேன். பின்னாலேயே ஐந்து குரல்கள் ஒன்றாக ராகத்தோடு எழுந்தன; 'ஐ எம்' மட்டும்தான் என் காதில் தெளிவாக விழுந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏழு நாளும் அதே ராகம். வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலையைக்கூட முடிவு செய்துவிட்டேன்.

சென்டரில் ஆறு பேரும் விறைப்பாக உட்கார்ந்தார்கள். அவர் முதலில் அஞ்சலை அத்தையிடம் இங்கிலீஷில் பெயர் கேட்டார்.

"ஐ எம் குப்பம்மாள்."

தலையாட்டினார். அடுத்து செல்வி அக்கா.

"ஐ எம் குப்பம்மாள்."

"ஓ, ஒரே பேரா?" என்று சிரித்தார். மூன்றாவது குப்பம்மாளுக்குச் சிரிப்பு நின்றது. ஐந்தாவதில் கண்ணாடியைக் கழற்றினார். கடைசியாக என் அம்மா கம்பீரமாக எழுந்தாள்.

"ஐ எம் குப்பம்மாள்."

"நீங்களுமா?"

"இன்னா சார் நீங்களுமா? நான்தான் சார் குப்பம்மாள்! ஆதார் காட்டட்டுமா?"

நான் அஞ்சலை அத்தையின் காதில், "உங்க பேர் அஞ்சலைதான அத்தை?" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? நடவுல உங்கம்மா இன்னா பாடுதோ அதத்தான நாங்க திருப்பிப் பாடுவோம்? இங்கிலீஷுக்கு மட்டும் மாத்திப் பாடணும்னு நீ சொன்னியாடி?"

சொல்லவில்லை. இலக்கணம் பூராவும் சொன்னேன். அதை மட்டும் சொல்லவில்லை.

வேலை போச்சு. "மொதல்ல சொல்லித்தரக் கத்துக்கினு வாங்க" என்று அனுப்பிவிட்டார். கோபத்தோடு பி.எட். சேர்ந்தேன். இப்போது கல்வராயன் மலையில் டீச்சர். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பேச வைக்காமல் வகுப்பை விட்டு நகர மாட்டேன்.

போன மாதம் அஞ்சலை அத்தைக்குப் பேத்தி பிறந்தது. படித்த பொண்ணு என்று பெயர் வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். தொட்டிலருகே குனிந்தேன். வாயைத் திறக்கவில்லை, அதற்குள் அத்தை குறுக்கே கை நீட்டினார்.

"அம்மாடி, குப்பம்மாள் மட்டும் வேணாம். எங்கூட்ல ஏற்கனவே ஒண்ணு இருக்குது, நான்."

கூட்டமே சிரித்தது. அம்மாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி, என் பேருக்கு இன்னா கொறச்சல்?"