ஸ்ரீவில்லிபுத்தூரில் மட்டும் பெய்த மழை

காரின் தளத்தில் நான்கு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அதில் ஒரு குட்டித் தவளை, தனக்கென்றே வெட்டிய குளம்போல, நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது.

சேக் முகைதீன் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். இராஜபாளையத்தில் முப்பத்தொரு வருஷமாக டிங்கர் பட்டறை வைத்திருப்பவர். நசுங்கிய லாரி மூக்கையெல்லாம் நிமிர்த்தியவர். அவருக்குத் தவளையின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"போன வியாழக்கிழமதான பாய் ஒழுக்க அடைச்சீய?" என்றார் காருக்குச் சொந்தக்காரரான சங்கரலிங்கம். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நோயாளியின் தலைமாட்டில் நின்று பேசுகிறவர்போல மெதுவாகக் கேட்டார்.

"அடைச்சேன் அண்ணாச்சி. முன்கண்ணாடி ரப்பரை மாத்தி, கித்தான் டாப்புல தையல் பிரிஞ்ச எடமெல்லாம் தச்சு, மெழுகும் தேச்சேன். குழாயப் பிடிச்சு அரைமணி நேரம் தண்ணி அடிச்சுப் பாத்தேன். ஒரு சொட்டு எறங்கல."

"நேத்து எறங்கிட்டுதே."

"நேத்து எங்க மழை பெஞ்சுச்சு? இங்க வெயில்ல வத்தல் காயப் போட்டிருந்தாக."

"சீவில்லிபுத்தூர்ல பெஞ்சுச்சு பாய். மலையோரத்து மழை. ஒரு தெருவுல பெய்யும், அடுத்த தெருவுல தூசி பறக்கும்."

அது உண்மைதான். அந்தப் பக்கத்து ஐப்பசி மழையின் குணம் அப்படி. சேக் முகைதீன் பெருமூச்சு விட்டுவிட்டு, தவளையைத் தகர டப்பாவில் ஏந்திக்கொண்டுபோய் வாய்க்காலில் விட்டார்.

இரண்டே பேர் உட்காரும் அந்த ஸ்போர்ட்ஸ் கார், எஸ்டேட் மானேஜர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. ஒரு காலத்தில் சிவப்பு நிறம். இருபத்தைந்து வருஷமாக அதைச் சங்கரலிங்கம் வைத்திருந்தார். இராஜபாளையத்தில் அவருக்குப் பேண்டேஜ் துணி ஃபேக்டரி. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேறு யாரையும் அந்தக் காரைத் தொட விடமாட்டார், சேக் முகைதீன் ஒருவரைத் தவிர.

இந்த வேலைதான் சேக் முகைதீனுக்குக் கடைசி வேலை. போன வருஷம் அவர் மனைவி சம்சாத் பேகம் காலமானார். அதற்குப் பின் அவர் அடுப்புப் பற்றவைத்த நாட்களைவிடப் பற்றவைக்காத நாட்களே அதிகம். நாகர்கோவிலில் இருக்கும் மகள் அசீனா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாள்: "ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போறீக அத்தா? பட்டறைய மூடிட்டு வந்துருங்க." போவதற்கு மனசும் இல்லை, இருப்பதற்குக் காரணமும் இல்லை. கடைசியில், "அண்ணாச்சி கார் ஒழுக்கை மட்டும் அடைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்று பதில் எழுதிவிட்டார். சங்கரலிங்கத்திடமும் அதையே சொல்லியிருந்தார். ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டுப் போனால் அல்லாஹ் கேட்பான் என்பது அவர் நம்பிக்கை.

"அப்ப நாலு நாள்ல முடிச்சிருவீயளா பாய்?" என்று சங்கரலிங்கம் கேட்டார்.

"ரெண்டே நாள்."

சங்கரலிங்கம் தூக்குச்சட்டியைத் திறந்தார். "புளியோதரை. எனக்கு மட்டும்னு சொன்னா எங்க வீட்ல கேக்காம ரெண்டாளுக்கு வச்சு விட்டுட்டாக. வாங்க."

சேக் முகைதீன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கத்தைப் பார்த்தார். கதவுகளின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். துரு தின்றுவிட்டது என்று முடிவு கட்டி, அத்தனையையும் புட்டி வைத்து அடைத்து, பிரைமரும் பூசினார்.

அவை துரு தின்ற ஓட்டைகள் அல்ல. கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறுவதற்காக, காரைச் செய்தவர்களே விட்ட வழி. இது அவருக்குத் தெரியவந்தபோது எட்டு நாள் ஆகியிருந்தது. கார் வந்து நிற்கும் முன்பே அதன் கதவு சலசலத்தது. புட்டியைக் குத்தி எடுத்ததும் ஆரஞ்சு நிறத் தண்ணீர் அவர் காலில் கொட்டியது.

பக்கத்துப் பஞ்சர் கடைக் காளிராஜ் எட்டிப் பார்த்தார். "என்ன பாய், காருக்கு நீர்க்கோவையா? ஆவி பிடிக்கச் சொல்லுங்க."

"போலே, ஒன் சோலியப் பாரு."

"ரெண்டு கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டா தையில பிடிக்கலாம்."

கதவு சரியானது. ஆனால் சீட்டுக்கு அடியிலும் தண்ணீர் நின்றதே! தளத் தகட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். மூன்றாவது தட்டில் சுத்தியல் அந்தப் பக்கம் போய்விட்டது. அவரும் சங்கரலிங்கமும் அந்த ஓட்டை வழியே தெரிந்த தரையைக் குனிந்து பார்த்தார்கள்.

"நம்ம ஃபேக்டரித் துணி கெடக்கே பாய். பசையில முக்கி ஒட்டினா கல்லு மாதிரி நிக்காதா?"

சேக் முகைதீனுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. பேண்டேஜ் துணியை எட்டு மடிப்பாக மடித்து, பசை தடவி, அடிபட்ட பிள்ளையின் முழங்காலுக்குக் கட்டுவதுபோலப் பக்குவமாகக் கட்டினார். கையில் இருந்த பசை ஓரங்களுக்குப் போதவில்லை. ஓரந்தானே என்று விட்டார்.

ரத்தத்தை உறிஞ்சுவதற்கென்றே நெய்த துணி அது. ரோட்டில் கிடக்கும் தண்ணீரை மட்டும் விட்டுவைக்குமா? நான்கு நாளில் கட்டு ஊறி உப்பி, அதைச் சுற்றியிருந்த நல்ல தகட்டிலும் துரு ஏறியது.

"ஒரே வழிதான் இருக்கு அண்ணாச்சி. வர்ற தண்ணிய நம்மளால நிறுத்த முடியல. போறதுக்காவது வழி விடுவோம். தளத்துல ஆறு ஓட்டை போட்டுருதேன். வேண்டாம்னா சொல்லுங்க."

சங்கரலிங்கம் காரைப் பார்த்தார். சேக் முகைதீனின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "போடுங்க பாய்."

ஓட்டை போட்ட பிறகு, தண்ணீர் மேலேயிருந்து வர வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ரோட்டுச் சேறு கீழேயிருந்து நேராக உள்ளே அடித்தது. முழங்கால்வரை சேறான வேட்டியோடு சங்கரலிங்கம் இறங்கிவந்தார். கையில் தூக்குச்சட்டி மட்டும் நனையாமல் இருந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றார் சேக் முகைதீன்.

"வேட்டிதான பாய், தொவச்சா போச்சு. இன்னிக்கு சேவை. ஆறிடப் போவுது, வாங்க."

நாகர்கோவிலுக்குப் போகும் தேதி மூன்று தடவை தள்ளிப்போனது. "அது என்ன அத்தா, காரா கப்பலா?" என்று அசீனா கேட்டு எழுதியிருந்தாள். இந்த நாற்பது நாளில் சட்டை கொஞ்சம் இறுக்கமாகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. காலையில் எழுந்ததும் யோசிக்க ஒரு விஷயம் இருந்ததையும் கவனிக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் கை தன்னைக் கைவிட்டுவிட்டது என்பதுதான். இருபத்தைந்து வருஷம் பிள்ளைபோல வளர்த்த காரை நம்பி ஒப்படைத்த மனிதருக்கு, அதைச் சல்லடையாக்கிக் கொடுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. "யா அல்லாஹ், ஒரு காலத்தில எனக்கு இந்தத் தொழில் தெரியும். அது நெசந்தான்னு எனக்கு ஒரு தடவை காட்டிரு. அதுக்குப் பொறவு நான் எங்க வேணும்னாலும் போறேன்."

மறுநாள் காலை சங்கரலிங்கத்தைப் பார்க்க டவுன் பஸ் ஏறினார். என்னால் முடியவில்லை, காரை மதுரைக்குக் கொண்டுபோங்கள், நான் திங்கட்கிழமை நாகர்கோவில் போகிறேன் என்று நேரில் சொல்லிவிடுவதாக உத்தேசம். வழியெல்லாம் சுள்ளென்று வெயில். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் பழக்கதோஷத்தில் தரையைப் பார்த்தார். ஈரத்தின் சுவடே இல்லை.

சங்கரலிங்கத்தின் வீட்டு வாசலில் கார் டாப்பை மூடிக்கொண்டு நின்றது. அதன் கதவு மட்டும் திறந்திருந்தது. பக்கத்தில், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். வீட்டு வேலை பார்க்கும் வெள்ளைத்தாய். இருவரும் ஒருவரையொருவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஐயா கோயிலுக்குப் போயிருக்காவ. செத்த நேரத்துல வந்துருவாவ, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் குடத்தைச் சீட்டின்மேல் சாய்த்தாள்.

"ஏம்மா! என்ன செய்யுதே? காருக்குள்ள தண்ணி ஊத்துதியே!"

வெள்ளைத்தாய் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "ராசபாளையத்துல ஐயாவுக்கு ஒரு சேக்காளி இருக்காராம், அவரு அடைச்ச ஒழுக்கு மொத தடவையே சுத்தமா நின்னுபோச்சு, அது தெரிஞ்சா அந்த மனுசன் ஊரை விட்டுப் போயிருவாராமே, அதான் அன்னையிலருந்து காரு அங்க போறப்பெல்லாம் ஏழு கொடம் ஊத்தச் சொல்லியிருக்காவ."